அப்பா எழுதாமல் விட்ட மனுக்கள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேராவது உட்கார்ந்திருப்பார்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோன கிழவி, அண்ணன் தம்பி பாகம் பிரிந்தும் பட்டா மாறாதவர், ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க அலைகிறவர் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அப்பா அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். குளித்துவிட்டு வந்து, கோடில்லாத வெள்ளைத்தாளை அட்டையில் வைத்து, அனுப்புநர் பெறுநர் என்று தொடங்குவார். எழுதி முடித்ததும் முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டுவார். வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கைநாட்டு வாங்கியதில்லை. "நீ சொன்னதுதான் இதுல இருக்குதான்னு கேட்டுக்க. நாளைக்கு தாசில்தார் கேட்டா நீதான் சொல்லணும், நான் இல்ல" என்பார்.

செங்கம் வட்டாரத்தில், ஜவ்வாது மலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் எங்கள் ஊர். மல்லாட்டையும் கேழ்வரகும் போடுகிற மானாவாரி நிலங்கள். அரசாங்கம் என்று எங்கள் ஊருக்குள் வந்துபோன முகங்கள் சில உண்டு. கிராம நிர்வாக அலுவலர் வருவார், ரேஷன் கடைக்காரர் வருவார், தேர்தல் சமயத்தில் ஜீப்புகள் வரும். ஆனால் அரசாங்கத்தின் ஆளாக இருந்துகொண்டே ஊர்க்காரரின் பக்கம் உட்கார்ந்து பேசியவர் வாத்தியார் ஒருவர்தான். அப்பாவின் தலைமுறை அப்படி. காமராசர் காலத்தில் திறந்த ஓராசிரியர் பள்ளியில், மதிய உணவுத் தட்டோடு படிக்கத் தொடங்கியவர் அவர். 90-களில் அறிவொளி இயக்கம் வந்தபோது பகலெல்லாம் பள்ளியில் நின்றுவிட்டு, இரவில் காலனித் தெருவிளக்கின் கீழ் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடம் என்பது பிள்ளைகள் போய்வரும் கட்டடம் மட்டுமல்ல, ஊர் தன் குரலைக் கண்டுபிடிக்கும் இடம் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையின் மடியில்தான் நான் வளர்ந்தேன்.

2003 ஜூலையில் நான் திருவண்ணாமலையில் கல்லூரி மாணவி. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஜூலை 2-ஆம் தேதி காலவரையற்ற வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். ஓய்வூதியப் பலன்களும் பல சலுகைகளும் வெட்டப்பட்டதுதான் காரணம். ஜெயலலிதா முதல்வராக இருந்த அரசு அதற்கு முந்தைய ஆண்டே டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. வேலைநிறுத்தம் தொடங்கிய மூன்றாம் நாளே, ஜூலை 4-ஆம் தேதி, அவசரச் சட்டத்தால் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். விசாரணை இல்லை, விளக்கம் கேட்கும் குறிப்பாணை இல்லை. ஏறத்தாழ 1,70,000 பேர் ஒட்டுமொத்தமாக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒரு மாநில அரசு தன் ஊழியர்களை இத்தனை பெரிய எண்ணிக்கையில் ஒரே வீச்சில் நீக்கியதை இந்தியா அதற்கு முன் கண்டதில்லை என்று அப்போது பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு அந்த எண்ணிக்கை தெரியவில்லை. அப்பா அதில் ஒருவர் என்பது மட்டும் தெரிந்தது.

வேலைநிறுத்தத்துக்கு முன்பே சங்க நிர்வாகிகளை இரவோடு இரவாக வீடு புகுந்து பிடித்துக்கொண்டு போகத் தொடங்கியிருந்தார்கள். அப்பா தம் சங்கத்தில் வட்டாரப் பொருளாளர். பெரிய பொறுப்பெல்லாம் இல்லை, சந்தா ரசீது புத்தகம் அவரிடம் இருக்கும், அவ்வளவே. ஆனாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் அவர் வீட்டில் இருக்கவில்லை. ஊருக்கு வெளியே, அவரிடம் படித்த ஒரு பையனின் அப்பா தம் பம்புசெட்டுக் கொட்டகைச் சாவியைக் கொடுத்திருந்தார். அம்மா சோற்றைத் தூக்குவாளியில் போட்டு என் தம்பியிடம் கொடுத்தனுப்புவார். போலீஸ் எங்கள் தெருவுக்குள் வந்தது என்னவோ ஒரே ஒரு இரவுதான். அதுவும் எங்கள் வீட்டுக்கு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அம்மா விளக்கை அணைத்தார்.

அந்த நாட்களில் ஊர் எங்கள் பக்கம் இருந்ததாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும். டீக்கடையில் வெளிப்படையாகவே பேசினார்கள். "மாசம் பொறந்தா சம்பளம், மே மாசம் முழுக்க லீவு, இதுக்கு மேல இன்னா வேணுமாம்?" என்று ஒருவர் கேட்டது கடைக்குப் பால் ஊற்றப் போன அம்மாவின் காதிலேயே விழுந்தது. அவர்கள் கோபத்தை நான் அன்றும் அநியாயம் என்று நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. கூலிக்குப் போகிறவருக்கு ஓய்வூதியம் என்ற ஒன்றே கிடையாது. அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு தம் பிள்ளையை டவுன் கான்வென்டுக்கு வேனில் அனுப்பிய ஆசிரியர்களை ஊர் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஜூன் மாதம் திறந்த பள்ளி ஜூலையிலேயே பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் மாடு மேய்க்கப் போனார்கள். ஆசிரியரை அச்சுறுத்த நினைக்கும் எந்த அரசுக்கும் ஊருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான இந்த விலகல் பெரிய வசதி. ஆனால் கொட்டகைச் சாவியைக் கொடுத்தவரும் அதே ஊர்க்காரர்தான். டீக்கடையில் அவரும் உட்கார்ந்திருந்திருப்பார்.

பெரியம்மா மகன் ஒரு நாள் வந்தான். பட்டம் முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவன். அலுவலகங்களை நடத்தத் தொகுப்பூதியத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கலெக்டர் ஆபீசில் வரிசை நின்றுகொண்டிருந்தது. "சித்தப்பா, நான் போகட்டுமா?" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அப்பா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "போடா. நீ போவலன்னா வேற ஒருத்தன் போவான். அவனுக்கும் வயிறு இருக்குது" என்றார். அவன் போனான். வேலை கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவான்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஜூலை கடைசியில் வழி பிறந்தது. கைதானவர்கள், வழக்குப் பதிவானவர்கள் என்று 6,072 பேரைத் தவிர மற்றவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் ஒவ்வொருவரும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு எழுதித்தர வேண்டும், இனி நடத்தை விதிகளின்படி நடப்போம் என்று உறுதி சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 6-ஆம் தேதி வந்த தீர்ப்போ, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொன்னது.

மன்னிப்புக் கடிதத்தின் படிவம் செங்கம் ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. நானும் அப்பாவோடு போயிருந்தேன். ஆசிரியர்கள் பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் நின்றுகொண்டே, ஒருவர் முதுகில் ஒருவர் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா படிவத்தை வாசித்தார். இரண்டாவது வரியில் ஒரு ஒற்றுப்பிழை இருந்தது. பேனாவை எடுத்து 'க்' போடப் போனார். பக்கத்தில் நின்றவர் அப்பாவின் கையைப் பிடித்துவிட்டார். "சார், திருத்தாதீங்க. அடிச்சுத் திருத்தி இருந்தா வாங்க மாட்டாங்களாம்." அப்பா அந்தப் பிழையோடேயே கையெழுத்துப் போட்டார். தெருவில் யார் மனு எழுதினாலும் வாங்கி ஒற்றுப் போட்டுக் கொடுத்தவர் அவர்.

பள்ளி திறந்தது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி தமிழ்நாட்டில் ஓரிடம்கூட வெல்லவில்லை. அதன்பின் 2004 மே மாதம் அரசு பல நடவடிக்கைகளைத் திரும்பப் பெற்றது, ஊழியர்மீதான தண்டனைகளும் போயின. அரசியல் கணக்கில் ஆசிரியர்கள் வென்றதாகத்தான் எல்லோரும் எழுதினார்கள். சம்பளம் வந்தது, பணிப்பதிவேட்டில் கறை நீங்கியது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்த பயம் அந்த ஆணையோடு வெளியே போகவில்லை.

அது எப்படித் தங்கியது என்பதை நான் கண்ணால் பார்த்த இடம் காலை வணக்கக் கூட்டம். எங்கள் பள்ளியில் நான் படித்த நாளில் கொடியேற்றம், தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள் முடிந்ததும் செய்தி வாசிப்பு இருக்கும். எட்டாம் வகுப்புக்கு மேல் முறை வைத்து வாசிப்போம். எந்தச் செய்தி என்று நாங்களேதான் தேர்ந்தெடுப்போம். காவிரியில் தண்ணீர் விடாதது, பஸ் கட்டண உயர்வு, சட்டசபையில் நடந்த சண்டை எல்லாவற்றையும் நான் வாசித்திருக்கிறேன். வாசித்த செய்தியைப் பற்றி முதல் பீரியடில் அப்பா கேள்வி கேட்பார். 2003-க்குப் பிறகு தலைமையாசிரியர் ஒரு மாற்றம் செய்தார். அரசியல் செய்தி வேண்டாம், விளையாட்டுச் செய்தியும் வானிலையும் ஒரு பொன்மொழியும் போதும் என்றார். எந்தச் சுற்றறிக்கையும் வந்து அவர் இதைச் செய்யவில்லை. யாரும் கேட்கவில்லை. அவராகவே யோசித்து, யாராவது கேட்டுவிடுவதற்கு முன்பே நிறுத்திவிட்டார். ஆண்டுவிழாப் பட்டிமன்றத் தலைப்புகளும் மெல்ல மாறின. மரம் வளர்ப்பது, நூலகம் போவது, பெற்றோர் சொல் கேட்பது என்று இரு தரப்பும் ஒன்றையே சொல்லும் தலைப்புகள். இதற்கு ஒழுக்கம் என்றும் பொறுப்பு என்றும் பெயர் கிடைத்ததுதான் எனக்கு மிகவும் வலித்தது. புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியர்கள் வேறு தொகுப்பூதியத்தில் இருந்தார்கள். 2006 ஜூனில் காலமுறை ஊதியத்துக்கு வரும்வரை, தங்கள் வேலை உறுதியில்லாதது என்ற நினைப்போடே அவர்கள் வகுப்பில் நின்றார்கள். அவர்களிடம் போய் எதற்கும் வாய் திற என்று யார் சொல்ல முடியும்?

வீட்டுத் திண்ணையிலும் அது நடந்தது. அப்பா உடனே நிறுத்திவிடவில்லை. ரேஷன் கார்டு, வாரிசுச் சான்று போன்றவற்றை எழுதிக்கொடுத்தார். ஆனால் மனுவில் ஓர் அதிகாரியைப் பற்றிப் புகார் வருகிறது என்றால், "இத டைப்பிங் சென்டர்ல எழுதிக்க, அவங்களே நல்லா எழுதுவாங்க" என்று அனுப்பினார். தாலுகா ஆபீசில் தம் கையெழுத்தை எல்லோருக்கும் தெரியும் என்பது முன்பு அவருக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதுவே காரணமாகிவிட்டது.

ஓர் இருளர் குடும்பம் வந்ததை மறக்க முடியவில்லை. ஏரிக்கரைக்கு அப்பால் குடிசை போட்டிருந்தவர்கள். அவர்கள் பெண் பத்தாம் வகுப்பில் அப்பாவின் மாணவி. பழங்குடிச் சாதிச் சான்றிதழை ஆர்.டி.ஓ.தான் தர வேண்டும். எங்கள் மாவட்டத்திலும் பக்கத்து விழுப்புரத்திலும் இருளர் பிள்ளைகள் இந்த ஒரு தாளுக்காகப் படிப்பையே விட்டது ஊரறிந்த கதை. தாத்தாவின் சான்று எங்கே, பத்திரம் எங்கே என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தையே பார்த்திராத தாத்தாவிடம் எந்தச் சான்று இருக்கும்? அப்பா அந்தக் குடும்பத்துக்காக 2002-இல் முன்னமே மனு எழுதியிருந்தார், பதிலில்லை. இந்த முறை, கள விசாரணைக்கே வராமல் வந்ததாக எழுதிவிட்டார்கள் என்பதைக் குறிப்பிட்டு மேலே எழுத வேண்டியிருந்தது. அந்தத் தாய் திண்ணையில்கூட உட்காராமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளைப் பார்க்காமல், "இப்ப வேணாம்மா. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். அவள், "நீங்க சொன்னா சரிங்க சாமி" என்று எழுந்து போனாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்தப் பெண் பத்தாவது தேறினாள். பதினொன்றில் சேரவில்லை. குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். அப்பா எழுதியிருந்தால் சான்றிதழ் கிடைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. முதல் மனு போன வழியிலேயே அதுவும் போயிருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அரசாங்கத்தை நோக்கி இருந்த ஒரே வாசல் அந்த ஆசிரியர்தான். சூளைக்காரரிடம் முன்பணம் வாங்கியவர்களுக்காக வக்கீலா வருவார், கட்சிக்காரரா வருவார்? ஆசிரியர்களின் சம்பளத்தைப் பற்றி, ஓய்வூதியத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அந்த ஜூலையின் விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் சம்பளமே வாங்காத இவர்கள்தான் என்பதை யாரும் எழுதி நான் படிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராகவே சேர்ந்தேன். 2011-இல் ஆட்சி மாறியது. முந்தைய அரசு கொண்டுவந்த சமச்சீர் கல்விப் பாடநூல்கள் அச்சாகி முடிந்த நிலையில் புதிய அரசு அதை நிறுத்திவைத்தது. ஜூன் நடுவில் பள்ளி திறந்தது, பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. ஜூலையில் உயர் நீதிமன்றமும், ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் சமச்சீர் கல்வியைத் தொடரச் சொல்லும்வரை நாங்கள் இலக்கணத்தையும் கட்டுரையையும் வைத்துக் காலம் கடத்தினோம். புத்தகங்கள் வந்தபோது கூடவே வேறொரு வேலையும் வந்தது. முந்தைய முதல்வர் கருணாநிதியைப் பற்றியதும் அவர் எழுதியதுமாக இருந்த பகுதிகளைத் தாள் ஒட்டி மறைக்க வேண்டும், கறுப்பு மையால் அடிக்க வேண்டும்.

ஆளும் முதல்வரின் எழுத்தைப் பிள்ளைகளின் பாடநூலில் வைத்ததே தவறு என்பது என் எண்ணம். பாடநூல் கட்சியின் சுவரில்லை. ஆனால் அதை நீக்க நிபுணர் குழு இருக்கிறது, அடுத்த பதிப்பு இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் கண்ணெதிரே அவள் ஆசிரியர் பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஒட்டுவது வேறு விஷயம். ஆசிரியர் அறையில் மேசை முழுக்கப் புத்தகம். ஒருவர் வெட்ட, ஒருவர் தடவ, ஒருவர் ஒட்ட, யாரும் எதுவும் பேசாமல் வேலை நடந்தது. ஒரு பக்கமாவது விட்டுப்போய் யாராவது படமெடுத்து அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதே எல்லோருடைய கவலையும்.

மறுநாளே பிள்ளைகள் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கப் பார்த்தார்கள். ஒட்டாத மற்ற பாடங்களில் அத்தனை ஆர்வத்தை நான் கண்டதில்லை. ஒருத்தி எழுந்து, "டீச்சர், அடியில இன்னா இருக்குது?" என்று கேட்டாள். ஒரு அரசு போட்டதை இன்னொரு அரசு மறைத்திருக்கிறது, பெரியவர்கள் ஆனபிறகு இரண்டும் சரியா என்று நீங்களே யோசியுங்கள் என்றேன். அன்று மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது மூத்த ஆசிரியை ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "பசங்க இத வீட்ல போயி சொல்லும்மா. அதுல யாரோ ஒரு அப்பன் கிளைச் செயலாளரா இருப்பான். உனக்கு எதுக்கு இது? பேசாம ஒட்டுனோமா, நடத்துனோமான்னு இரு." அவர் கெட்டவர் இல்லை. என்மேல் அன்பு வைத்திருந்தவர். 2003-இல் அவரும் கையெழுத்துப் போட்டவர். எங்கள் பள்ளிகளில் பயம் பெரும்பாலும் அதிகாரியின் அதட்டலாக வருவதில்லை. மூத்தவர் இளையவருக்குச் சொல்லும் அக்கறையான புத்திமதியாகத்தான் வருகிறது. அதனால்தான் அதை எதிர்த்துப் பேச முடிவதில்லை.

2019 ஜனவரியில் மறுபடியும் வேலைநிறுத்தம். 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, அதைக் கேட்டும், மாணவர் குறைந்த பள்ளிகளை இணைத்து மூடுவதை எதிர்த்தும் ஜனவரி 22 முதல் 30 வரை நடந்தது. நானும் கலந்துகொண்டேன். இந்த முறை ஒட்டுமொத்த நீக்கம் இல்லை. அதற்குப் பதில் 17பி என்ற ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வந்தது. வெளியாருக்கு இது ஏதோ விதி எண். எங்களுக்கு அது பதவி உயர்வு பேனலில் பெயர் வராது, கேட்ட இடமாறுதல் வராது, ஓய்வுபெறும் நாளில்கூட கோப்பு தொங்கும் என்று பொருள். ஆயிரக்கணக்கானவர்கள் மீது போடப்பட்ட அந்தக் குற்றச்சாட்டுகளை 2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு, அரசு கைவிட்டது. கொடுப்பதும் தேர்தல் கணக்கு, எடுப்பதும் தேர்தல் கணக்கு. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் 17பி வாங்கிய ஆசிரியர்கள் தங்கள் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று எழுதக்கூட யோசித்தார்கள். அதை நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். நெடுநாள் காகிதத்தில் இருந்த குழுக்களை 2022-இல் தமிழ்நாடு முழுக்கப் புதுப்பித்தார்கள். எங்கள் பள்ளியில் நூறுநாள் வேலைக்குப் போகும் பெண் ஒருவர் தலைவியாக வந்தார். முதல் கூட்டங்களில் நாங்கள் எழுதி வைத்ததற்கு அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு ஒரு கூட்டத்தில் அவர், "கணக்கு சாரு மாறிப் போயி எம்மாம் நாளாச்சு, ஏன் இன்னும் ஆளு போடல? அத எழுதுங்க" என்றார். தலைமையாசிரியர் தயங்கினார். வாய்மொழியாக மேலே சொல்லியாகிவிட்டது, தீர்மானத்தில் எழுதினால் விளக்கம் கேட்பார்கள் என்றார். அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. "விளக்கம் கேட்டா சொல்லுவோம். புள்ளைங்களுக்குக் கணக்கு நடத்த ஆளில்லன்னு சொல்றதுல இன்னா சார் பயம்?" என்று கேட்டார். அவர் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

தீர்மானப் புத்தகம் என் முன்னால் இருந்தது. அவர் சொன்னபடி எழுதி, எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். எட்டுப் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் கைநாட்டு வைத்தார்கள். தலைமையாசிரியரும் கடைசியில் போட்டார். அந்த ஆண்டு கணக்கு ஆசிரியர் வரவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் அதே தீர்மானத்தை மறுபடி எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.